ரப்பர் ஏன் சுருங்குகிறது?

(பொன்விழாவையொட்டி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



வாசலில் ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுத்தார்களே, அதை எடுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தில் போடுவதுதான். சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே சற்று நேரம் பிடித்திருந்து, தளர்த்தி, மறுபடி வையுங்கள். இப்போது குளிரும். பின்வரிசை மாமாக்களும் செய்யலாம், பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

1805-இல் இதை எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊர் ஜான் காஃப். சிறுவயதில் அம்மையால் பார்வை இழந்தவர். பின்னர் 1859-இல் ஜூல் அளந்து உறுதிசெய்தார்.

என் அத்தா பால்மரம் வெட்டியவர். 1896-இல் டான் சே யான் ரப்பர் நட்ட புக்கிட் லிந்தாங் நம் மலாக்காவில்தான் இருக்கிறது. மங்கில் வடிந்த பாலைப் பற்றி அத்தாவுக்குத் தெரியாதது இல்லை. இழுத்தால் ஏன் திரும்பச் சுருங்குகிறது என்று சிறுவனாகக் கேட்டேன். "அதோட குணம் அப்படி" என்றார். ஆறாம் படிவத்தில் என்ட்ரோப்பி வந்தது. எஸ் = கே லாக் டபிள்யூ. மனப்பாடம் செய்தேன், புரியவில்லை, வேதியியலையே விட்டுவிடப் பார்த்தேன். அத்தாவிடம் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சூத்திரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது அவர் மவுத்தாகிவிட்டார்.

விடை இதுதான். ரப்பர் மூலக்கூறு ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலி. பத்துக் கண்ணி மட்டும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பலாம். மொத்தம் 1,024 வழிகள். பத்தும் வலப்பக்கம் நீண்டு நிற்க ஒரே வழி. ஐந்து வலம், ஐந்து இடம் என்று மடங்கிச் சுருண்டு கிடக்க 252 வழிகள். வெப்பத்தால் கண்ணிகள் சதா ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஆடுகிற சங்கிலி எங்கே போய் நிற்கும்? வழி அதிகமுள்ள பக்கம்தான். உள்ளே யாரும் பிடித்து இழுக்கவில்லை, பிள்ளைகளே, எண்ணிக்கைதான் இழுக்கிறது. போல்ட்ஸ்மனின் சூத்திரத்தில் 'டபிள்யூ' என்பது இந்த வழிகளின் எண்ணிக்கை. வியன்னாவில் அவர் கல்லறையில் அதைப் பொறித்திருக்கிறார்கள்.

நாம் இழுக்கும்போது வழிகள் குறைகின்றன. நம் கை செய்த வேலை அணுக்களின் ஆட்டமாக மாறி உதட்டில் சூடாகத் தெரிகிறது.

உடம்புக்குள்ளும் சங்கிலிகள் உண்டு. புரதம் அப்படிப்பட்டதே. ஆனால் அதன் கண்ணிகள் நினைத்தபடி திரும்ப முடியாது. எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்று 1963-இல் வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும். கண்ணிகளுக்கு இடையிலும் சுற்றியுள்ள நீரோடும் உள்ள ஊடாட்டம் புரதத்தை ஒரே வடிவில் மடித்து வைக்கிறது. சூடு ஏறினால் வழிகளின் எண்ணிக்கை ஜெயிக்கிறது, மடிப்பு அவிழ்கிறது. முட்டை வேகும்போது நடப்பது அது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், ஆறவைத்தாலும் பச்சை முட்டையாகாது. ரப்பர் திரும்பும், முட்டை திரும்பாது.

வெளியே மேசையோரம் ரப்பர் வளையத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் தலைமுடி காயவைக்கும் கருவி இருக்கிறது. சூடு காட்டினால் இரும்புக் கம்பி நீளும். இது சுருங்கும், பூட்டு மேலே ஏறும். ஏன் என்று பெற்றோருக்குப் பிள்ளைகள் சொல்லுங்கள். தேநீருக்குப் போகுமுன் பார்த்துவிட்டுப் போங்கள்.