மதிப்பெண் மட்டும் போதுமா?

(உத்திரமேரூரில் மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இவ்வூர்க் கோயில் கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் அதில் உள்ளன. சபைக்கு வருபவனுக்குக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும் என்கிறது விதி. அதோடு விடவில்லை. அரைக்கால் வேலியே உடையவனாயினும், வேதக் கல்வியில் கூடுதல் தேர்ச்சி இருந்தால் அவன் பெயரையும் குடத்தில் இடலாம் என்கிறது. ஓர் அளவுகோலில் குறைந்தவனை இன்னோர் அளவுகோலாலும் பார்த்திருக்கிறார்கள். கல்வி உதவி கொடுக்கும் நாம் கேட்பதோ மதிப்பெண் பட்டியல் ஒன்றைத்தான்.

கணிதமேதை ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரிவிட்டது. 1907இல் தனியாக எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டதாரிகளுக்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாயாக வழங்கியது. 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இடையில் வீணான ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

இது ஒருவர் கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக உளவியல் அறிஞர் மெக்கின்னன், படைப்பாற்றலில் முன்னணியில் நின்ற கட்டடக் கலைஞர்களை ஆராய்ந்து 1962இல் எழுதினார். கல்லூரியில் அவர்கள் சராசரியாக 'பி' தரம்தான்! மனம் ஒன்றிய பாடத்தில் 'ஏ' வாங்கியவர்கள், ஒன்றாத பாடத்தைத் தொடவே இல்லை. தானாக யோசிப்பது, சொன்னதை அப்படியே ஏற்காதது, எடுத்ததை விடாதது ஆகிய குணங்களுக்கு மனப்பாடத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. சில வகுப்புகளில் தண்டனையே கிடைக்கிறது.

தம்பிகள் இதைக் கேட்டுவிட்டு, 'எனக்கும் படைப்பாற்றல்தான்' என்று அரியர் வைக்க வேண்டாம். தேறாத நாட்களிலும் ராமானுஜன் நோட்டு நோட்டாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் நோட்டு எங்கே?

வணிகப் பெருமக்களே! கடைக்கு ஆள் எடுக்கும்போது மார்க் ஷீட்டையா பார்க்கிறீர்கள்? நாலு நாள் நிறுத்தி, வேலையைத்தானே பார்க்கிறீர்கள்? அந்தக் கண்ணை இங்கேயும் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தில் 'நீங்களாகச் செய்தது என்ன?' என்று ஒரு கேள்வி சேருங்கள். பத்துப் பேருக்கு உதவினால் இரண்டு இடங்களை இப்படிப்பட்ட மாணவ மாணவியருக்கு ஒதுக்குங்கள். செய்ததைக் கையோடு கொண்டுவரட்டும். அந்தத் துறை ஆசிரியர் ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும். வரும் ஜூனில் விண்ணப்பம் அச்சிடும் முன் இதை முடிவு செய்யுங்கள்.