பாபா ஏறிய விமானம்



அணு விஞ்ஞானி ஹோமி பாபாவைக் கொன்றது யார்? வாட்ஸ்அப்பில் விடை தயாராக இருக்கிறது: சி.ஐ.ஏ. 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் பிரதமர் சாஸ்திரி மறைகிறார். 24-ஆம் தேதி ஏர் இந்தியாவின் ‘காஞ்சன்ஜங்கா’ விமானம் ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலையில் மோதுகிறது. பாபாவோடு சேர்த்து 117 பேரும் போய்விட்டார்கள். பதினெட்டு மாதத்தில் அணுகுண்டு செய்ய முடியும் என்று வானொலியில் சொன்னவர் அவர். சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் கம்பெனி ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால், ‘யாரோ வேண்டாதவன் வேலை’ என்றா ரிப்போர்ட் எழுதுகிறீர்கள்? ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொல்கிறார்கள் அல்லவா? பிரெஞ்சு விசாரணையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டே போனது. திசை காட்டும் கருவிகளில் ஒன்று பெய்ரூட்டில் கிளம்பும்போதே பழுது. மலை இன்னும் ஐந்து மைல் முன்னே இருக்கிறது என்று ஜெனீவா ரேடாரிலிருந்து சொன்னார்கள். தாண்டிவிட்டோம் என்று நினைத்த விமானி கீழே இறங்கினார்.

இதையும் கேளுங்கள். 1950 நவம்பரில் அதே மலையில், கிட்டத்தட்ட அதே இடத்தில், ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ மோதி 48 பேர் இறந்தார்கள். அதில் எந்த விஞ்ஞானிக்குக் குறிவைத்தார்களாம்?

சதியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1985 ஜூன் 23, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் வெடித்தது, 329 உயிர்கள். விமானத்தின் பதிவுக் கருவிகள் திடீரென்று நின்றுபோயின. வான்கூவரில் அதற்கு ஒரு பெட்டியைப் போட்ட ஆள் விமானமே ஏறவில்லை. அதே ஊரிலிருந்து போன இன்னொரு பெட்டி, 55 நிமிடம் முன்னதாக ஜப்பானின் நரிட்டா நிலையத்தில் வெடித்து இரண்டு தொழிலாளர்களைக் கொன்றது. அங்கே பொறுக்கியெடுத்த ரேடியோ டியூனர் துண்டுகள், அதை வாங்கியவர் வீட்டு வாசல்வரை போலீசைக் கொண்டுபோய்விட்டன.

பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில் விமானத் துறைக்கென்றே பூங்கா அமைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கடையும் உதிரிபாகம் நாளை வானத்தில் போகும். ஒரு சின்னத் துண்டு என்னென்ன சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சி.ஐ.ஏ. கதைக்கு அப்படி ஒரு துண்டு காட்டுங்கள். அதிகாரி ஒருவர் போனில் ஒப்புக்கொண்டதாக ஒரு புத்தகம் இருக்கிறது. வந்தது அந்த அதிகாரி இறந்த பிறகு. கனிஷ்காவில் இத்தனை தடயம் இருந்தும், 2005-இல் கனடா நீதிமன்றம் இருவரை ஆதாரம் போதவில்லை என்று விடுவித்தது. தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், அந்த டியூனரை வாங்கியவர்.