உருக்காலைக்குப் பிறகு வந்த வேலை



அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 64 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் தலைமையகமாகக் கட்டியது. வெளித்தூண்கள் எல்லாம் துரு நிறத்தில் இருக்கும். மேலே படியும் துருவே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும்படி செய்த தனி ரக உருக்கு அது. அந்தக் கட்டடத்தின் உச்சியில் இன்று யு.பி.எம்.சி. என்ற பெரிய எழுத்துகள் தெரிகின்றன. அது ஒரு மருத்துவமனைக் குழுமம். அந்த வட்டாரத்தில் தனியார் துறையில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இப்போது அதுதான்.

ஊருக்கு அருகே, ஆற்றங்கரையில், யு.எஸ். ஸ்டீலின் ஹோம்ஸ்டெட் உருக்காலை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 15,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1986இல் அதை மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் கடைகள், திரையரங்கு, கார் நிறுத்துமிடம். ஆலையின் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

உருக்குத் தொழில் போய் மருத்துவத் தொழில் வந்தது தற்செயல் அல்ல. ஆலைகள் மூடியதும் இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். வயதானவர்கள் தங்கிவிட்டார்கள். பல ஆண்டு உலைச் சூட்டிலும் தூசியிலும் தேய்ந்த உடம்பு அவர்களுடையது. ஆனாலும் தொழிற்சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த மருத்துவக் காப்பீடு அவர்கள் கையில் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசின் மெடிகேர் திட்டமும் இருந்தது. நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களுக்காகப் பணம் கட்ட ஏற்பாடும் இருந்தது. மருத்துவமனைகள் வளர்ந்தன. கேப்ரியல் வினன்ட் என்ற வரலாற்றாசிரியர் ‘அடுத்த ஷிஃப்ட்’ என்ற தமது நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். உருக்காலை கட்டிய காப்பீட்டில்தான் மருத்துவமனை எழுந்தது.

வேலை வந்தது. பழைய கூலி வரவில்லை. நோயாளியின் படுக்கை மாற்றுகிறவர், மருத்துவமனைச் சமையலறையில் நிற்கிறவர், முதியவரின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டிவிடுகிறவர் என்று அந்த வேலைகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உருக்காலைத் தொழிலாளி ஒரு சம்பளத்தில் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இவர்களால் அது முடியவில்லை.

இதற்கு ஒரு காரணத்தை வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே சொன்னார். ஆலையில் புது இயந்திரம் வந்தால் அதே ஆள் இரண்டு மடங்கு உருக்கு எடுப்பார். கூலியை உயர்த்த அதிலேயே வழி கிடைக்கும். ஒரு செவிலியர் இரண்டு மடங்கு நோயாளிகளைக் கவனித்தால் கவனிப்புதான் கெடும். ஆகவே சேவைத் துறையில் கூலி உயர வேண்டுமானால் கட்டணமோ வரியோ உயர வேண்டியிருக்கும்.

இது உண்மை. ஆனால் முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை. உருக்காலை வேலையும் பிறக்கும்போதே நல்ல வேலையாகப் பிறக்கவில்லை. 1892இல் இதே ஹோம்ஸ்டெட்டில் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் வரவழைத்த ஆயுதக் காவலர்களுக்கும் ஆற்றங்கரையில் மோதல் நடந்தது. குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள். சங்கம் உடைந்தது. 1920களின் தொடக்கம் வரை உலை முன்னால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. சங்கம் அமைக்கும் உரிமையை 1935இல் சட்டம் உறுதி செய்தது. யு.எஸ். ஸ்டீல் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது 1937இல். நல்ல கூலி அதற்குப் பிறகு வந்தது. ஆகவே மருத்துவமனை வேலையும் குறைந்த கூலி வேலையாகவே இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

நம் இந்தியாவுக்கு வருவோம். இங்கே மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. வேலை பார்ப்பவர்களில் சுமார் பத்தில் மூன்று பேர்தான் அந்தத் துறையில் இருக்கிறார்கள். ஆலைத் தொழிலில் இருப்பவர்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளரும் அதே நிறுவனத்தின் வாசலில் இரவெல்லாம் நிற்கும் காவலாளியும் ஒரே துறைக் கணக்கில்தான் வருகிறார்கள். அந்தக் காவலாளி பெரும்பாலும் வயலை விட்டு நேரே வந்தவர். நடுவில் ஆலை வேலை பார்க்கவில்லை. ஆலைச் சங்கம் வாங்கித் தந்த காப்பீடோ ஓய்வூதியமோ அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பிட்ஸ்பர்க்கில் ஆலை போனபோது மிஞ்சிய அந்தச் சொத்து, நம்மில் பெரும்பாலோருக்குச் சேரவே இல்லை.

அதனால் குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு மூன்றும் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒப்பந்தக்காரரிடம் நின்றுவிடாமல் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவர்களிடமிருந்து அரசு இதைத் தொடங்கட்டும்.