தீட்டு நாளும் டாக்டரின் முதல் கேள்வியும்

(செண்பகனூர்க் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் புராணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு பெண் கர்ப்பமானால் முதன்முதலாக டாக்டரிடம் எப்போது போவது, எப்படிப் போவது என்பதைப் பற்றியே பேசப்போகிறேன். இதைப் பேச ஆண்பிள்ளைக்கு என்ன யோக்கியதை என்று சிலர் நினைக்கலாம். பிள்ளைக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை உண்டானால் இதற்கும் உண்டு.

ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி என்ன? "கடைசியாக வீட்டுவிலக்கான முதல் நாள் எது?" என்பதுதான். மாதந்தவறாத பெண்ணானால், அந்த நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவ நாள் ஏறக்குறையத் தெரியும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. குழந்தை சரியாக வளர்கிறதா, ஸ்கேன் எப்போது எடுப்பது என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான். பிறந்த நேரத்தை நாழிகை, விநாடி என்று ஜாதகத்தில் எழுதி வைக்கிற நாம், இந்தத் தேதியை எழுதி வைக்கிறோமா? தீட்டு என்று சொல்லி, வாய்விட்டுச் சொல்லவும் கூசும்படி செய்துவிட்டால், அந்தப் பெண்ணுக்குத் தேதி எப்படி நினைவிலிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

நிற்க, இரண்டாவது கேடு கண்ணேறு. "மூன்று மாதம் வெளியே சொல்லாதே" என்கிறார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உண்டாகிற குழாய், கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய சத்து ஃபோலிக் அமிலம். ஆகவே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். ஒளித்து வைத்துக் காலம் கடத்தினால் கண் தப்பலாம், காலம் தப்பிவிடும்.

இந்தச் சத்தின் கதையே நமது நாட்டுக் கதைதான். லூசி வில்ஸ் என்ற இங்கிலீஷ் டாக்டர் அம்மாள் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கர்ப்பிணிகள் இரத்தமின்றி வெளுத்துச் சாவது ஏன் என்று ஆராய்ந்தார். பின்பு குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். தலைவிதி என்று சொல்லிப் போகவில்லை; என்ன தின்கிறார்கள் என்று கேட்டார். ஈஸ்ட் சாரம் கொடுத்ததும் பிழைத்தார்கள். அதில் இருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்று பிற்பாடு தெரிந்தது. உங்கள் மலையில் விளையும் பீன்ஸ், பட்டாணி, கீரையிலும் அது உண்டு. அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக் கர்ப்பிணிக்கு ரசமும் சோறும் போடுவது நியாயமா?

என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் பகுத்தறிவு பேசிய நானே, என் துணைவியாரின் முதல் கர்ப்பத்தில் என் தாயார் பேச்சுக்கு வாய்மூடி ஐந்து மாதம் இருந்தேன். சோதித்தபோது இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு. 11-க்குக் குறைந்தாலே சோகை. இரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார். அந்தக் கேள்விகள் கேட்டபோது நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே தோழர்களே, நாள் தள்ளிப்போனால் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். போகும்போது அந்தத் தேதி, ஆதார், பாங்கிப் புத்தகம், பழைய சீட்டுகள், தின்னும் மாத்திரைகள் எல்லாம் கொண்டுபோங்கள். முன் கருச்சிதைவு, சர்க்கரை, வலிப்பு, சொந்தத்தில் செய்த கல்யாணம், தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் வேலை எதையும் மறைக்காதீர்கள். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தவகை, எச்.ஐ.வி., மேகநோய், மஞ்சள்காமாலைக் கிருமி இவற்றைப் பார்ப்பார்கள். சந்தேகப்பட்டல்ல, எல்லோருக்கும் பார்ப்பதுதான். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீ அந்தச் சத்தைத் தடுத்துவிடும். இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாலையில்லாத வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளை டோலியில் தூக்கிவந்த மலை இது. தூரத்திலிருப்போர் பிரசவத்துக்கு எங்கே தங்குவது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். பெண் பிறந்தால் மருமகளை வைகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: அதைத் தீர்மானிப்பது தகப்பன் வித்துதான்.

அரசாங்க உதவிப் பணத்தைப் பிச்சையென்று நினைக்காதீர்கள். 1987-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. வளைகாப்புக்கு நாள் பார்ப்பதற்கு முன், இன்றைக்கே வீட்டில் ஒரு காலண்டரை மாட்டி, அந்தத் "தீட்டு" நாளை அதில் வட்டம் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புருஷனும் உள்ளே போய் உட்காரட்டும். இவ்வளவும் செய்யும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.