சுப்ஹில் இருந்த குரல் இஷாவில் இல்லை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டுதோறும் இப்பொதுக்குழுவில் மார்க்கப் பொருள் ஒன்றை எடுத்துரைப்பது வழக்கம். இவ்வாண்டு நம் நோயைப் பற்றியே பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். நோயைப் பேசுவது அல்லாஹ்வின் நாட்டத்தின் மீது முறையிடுவதாக ஆகிவிடுமோ என்று முதலில் தயங்கினோம். ஆனால் இந்நோயை நாம் மறைத்ததால் விளைந்த கேடே பெரிது. ஆகவே பேசுவது நம் கடமை எனத் துணிந்தோம்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இது தொடங்கியது. மாலை வேளைகளில் இடக்கண்ணின் இமை தானாகத் தாழும். மக்தபில் பிள்ளைகளின் முஸ்ஹஃபைப் பார்த்தால் ஒரு வரி இரண்டு வரியாகத் தெரியும். வயதாகிறது என்று எண்ணிக் கண்ணாடியை மாற்றினோம். பயன் இல்லை.

2022ஆம் ஆண்டு ரமலானில் நோய் குரலுக்கு வந்தது. தராவீஹின் முதல் எட்டு ரக்அத்கள் சீராகச் செல்லும். பன்னிரண்டைக் கடக்கும்போது ஓதல் மூக்கினுள் நுழைந்துவிடும். இதழ்களைச் சேர்த்து உச்சரிக்க வேண்டிய ‘பா’ என்னும் எழுத்து, இதழ்கள் சேராமல் கலைந்துபோகும். மக்ரஜைப் பேணுவதற்காகவே ஏழாண்டுகள் மதரஸாவில் உழைத்த ஒருவனுக்கு அதைவிடப் பெரிய வேதனை வேறில்லை. நோன்புக் கஞ்சியைக் குடித்தால் மூக்கு வழியே திரும்பும். இறைச்சியை மெல்லும்போது பாதியில் தாடை நின்றுவிடும். கையால் தாங்கிப் பிடித்து மெல்வோம். தக்பீருக்குக் கைகளை உயர்த்துவதே பாரம் தூக்குவது போலிருக்கும்.

இவற்றை எவரிடமும் சொல்லவில்லை. குறுகிய அத்தியாயங்களை ஓதி முடித்தோம். விருந்துகளைத் தவிர்த்தோம். சிரித்தால் முகத்தசைகள் ஒத்துழைக்காமல் சினந்தவன் போன்ற தோற்றம் வந்ததால், சிரிப்பதையே விட்டோம். “ஹஜ்ரத் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை; தொழுகையையும் அவசரமாக முடிக்கிறார்” என்று பெரியவர் ஒருவர் நிர்வாகத்திடம் முறையிட்டார். அவர் மீது குறையில்லை. அவர் கண்டதைச் சொன்னார். காணாததை அவருக்குச் சொல்லாதிருந்தவர் நாமே.

கண்ணேறு என்றனர் சிலர். யாரோ வைத்த வினை என்றனர் வேறு சிலர். நாமும் ஓதிப் பார்த்தோம், ஓதுவது நன்மையே. ஆனால் ஓதியதோடு நின்றுவிட்டது தவறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகளார் (ஸல்) கற்பித்ததை மிம்பரில் எத்தனையோ முறை விளக்கிய நாம், நம் ஒட்டகத்தைக் கட்டாமலே விட்டிருந்தோம்.

இல்லத்தாரின் வற்புறுத்தலால் மருத்துவர்களிடம் செல்லத் தொடங்கினோம். கண் மருத்துவர் கண்ணில் குறையில்லை என்றார். தொண்டை மருத்துவர் குரல்வளை நன்றாக உள்ளது என்றார். பக்கவாதமோ என ஐயுற்றுத் தலையை ஸ்கேன் எடுத்தனர், அதிலும் ஒன்றுமில்லை. இறுதியில் ஒருவர் இது மன உளைச்சல் என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார். ஒவ்வொரு மருத்துவரையும் நாம் காலை வேளையில், இரவு நன்கு உறங்கி எழுந்த பின்னரே கண்டோம். காலையில் நம்மிடம் நோயின் அறிகுறி எதுவும் இராது. இந்நோயின் இயல்பே அதுதான் என்பதை அப்போது அறியோம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கண்டோம். வயதில் இளையவர், நம் சமயத்தவரும் அல்லர். “எந்த நேரத்தில் அதிகமாக இருக்கிறது?” என்று வேறெவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். “சுப்ஹில் இருக்கும் குரல் இஷாவில் இருப்பதில்லை” என்றோம். சற்று நிமிர்ந்து அமர்ந்தார். கண் கொட்டாமல் மேற்கூரையைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் செல்வதற்குள் இமைகள் தாழ்ந்தன. “நீங்கள் வழக்கமாக ஓதுவதை இங்கே ஓதுங்கள்” என்றார். யாஸீன் ஓதினோம். பாதியை எட்டும் முன் குரல் மூக்கினுள் போயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தாழ்ந்த இமையின் மீது இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை உயர்ந்திருந்தது.

‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்று நோயின் பெயரைச் சொன்னார். கடுமையான தசைச் சோர்வு என்பது அதன் பொருள். பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 150 முதல் 250 பேருக்கு உள்ள நோய். நரம்பைத் தூண்டித் தசையின் எதிர்வினையை அளக்கும் சோதனையும், இரத்தச் சோதனையும் அதனை உறுதி செய்தன.

அவர் விளக்கியதை நாம் விளங்கிய அளவில் கூறுகிறோம். தசை அசைய வேண்டுமானால் நரம்பின் முனையிலிருந்து ‘அசிட்டைல்கோலின்’ என்னும் பொருள் சுரந்து, தசையின் மீதுள்ள ஏற்பிகளைச் சென்றடைய வேண்டும். தபால்காரர் கடிதம் கொண்டுவந்து வீட்டுப் பெட்டியில் இடுவதைப் போன்றது அது. இந்நோயில் தபால்காரரும் நலம், வீட்டாரும் நலம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அந்தப் பெட்டிகளை அடைத்து அழித்துவிடுகிறது. முதலில் வரும் சில கடிதங்கள் சேரும். வேலை தொடரத் தொடரச் சேருவது குறையும். ஓய்வெடுத்தால் வலிமை திரும்புவதும், உழைத்தால் மறைவதும் இதனாலேயே.

தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1672ஆம் ஆண்டிலேயே, நீண்ட நேரம் பேசினால் பேச்சை இழந்துவிடும் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். ஆனால் பயன் தரும் மருந்து கிட்ட 1934ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லண்டன் மாநகரின் கிரீன்விச் பகுதி மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், இந்நோயாளிகளின் நிலை, அம்புகளில் தடவப்படும் ‘குராரே’ நஞ்சு ஏறியவரின் நிலையை ஒத்திருப்பதைக் கவனித்தார். அந்நஞ்சுக்கு முறிவான ‘ஃபைசோஸ்டிக்மின்’ மருந்தை நோயாளிக்குச் செலுத்தினார். வலிமை திரும்பியது. இன்று நாம் உட்கொள்ளும் ‘பைரிடோஸ்டிக்மின்’ மாத்திரை அதே வழியில் வந்தது. எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இன்றி அல்லாஹ் இறக்கவில்லை என்னும் நபிமொழியின் கருத்தை நாம் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. அந்த நிவாரணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

கண்ணியமிக்கவர்களே! இனி நாம் சொல்லப் போவதுதான் நம் குற்றம்.

அம்மாத்திரை அரைமணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். நான்கு மணி நேரம் அளவில் அதன் வலிமை குறைந்துவிடும். ஆதலால் பகலிலும் உட்கொண்டே ஆக வேண்டும். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரமலான் பிறந்தது. நோயாளி நோன்பைப் பிற்படுத்தலாம் என்பது அல்பகரா அத்தியாயத்திலேயே கூறப்பட்ட சட்டம். நீரிழிவுக்காரருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அதனை எடுத்துச் சொன்னவர்கள் நாம். ஆனால் நம் முறை வந்தபோது மனம் ஒப்பவில்லை. ஊர் இமாம் நோன்பு வைக்கவில்லை என்று எவரேனும் சொல்லிவிட்டால்? அந்த அச்சத்தை இறையச்சம் என்று நமக்கு நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். மருத்துவரைக் கேளாமல் பகல் மாத்திரைகளை நிறுத்தினோம்.

ஆறாம் நோன்பன்று அஸருக்குப் பின் மல்லாந்து படுக்க இயலவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. மருத்துவமனையில் ஒரே மூச்சில் இருபது வரை எண்ணச் சொன்னார்கள். ஏழைத் தாண்டவில்லை. மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிட்டன. அன்றிரவே தொண்டையில் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்தனர். ஒன்பது நாள்கள் அவ்வாறு கிடந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முறை இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, வழிதவறிய எதிர்ப்பொருள்களை நீக்கினர். நினைவு தெளிவாக இருந்தது. நாவு மட்டும் அசையவில்லை. உள்ளத்தால் ஓதினோம். தொழுகை நேரம் வந்தால் கண்ணிமையால் சைகை செய்து தொழ முயன்றோம். அந்த இமையும் பாதியில் தாழ்ந்துவிடும்.

அந்நாள்களில் ஒரு ஹதீஸ் திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகளார் (ஸல்) கூறினார்கள். அந்தத் தோழர் கேட்டார், சலுகையைப் பெற்றார். நாம் கேட்கவே இல்லை. அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதும் வணக்கமே என்பதை நாம் நூல்களில் கற்றோம். சுவாசக் கருவியின் ஓசையில்தான் விளங்கினோம்.

மார்புக்கூட்டின் உள்ளே ‘தைமஸ்’ என்னும் சுரப்பி உண்டு. இந்நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு அதில் கட்டி தோன்றும். நமக்கும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அறுவை செய்து அகற்றினர். எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்த ஸ்டீராய்டு மாத்திரைகள் தொடர்ந்தன. அவற்றால் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, உறக்கம் குறைந்தது. அவற்றைச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்துதல் ஆபத்து. இன்று நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அடங்கியிருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்.

எட்டு மாதங்கள் மிஹ்ராபில் நிற்கவில்லை. ஜமாஅத்தினர் நம் சம்பளத்தை நிறுத்தவில்லை. சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியைப் பைத்துல்மாலிலிருந்து அளித்தார்கள். முறையிட்ட அந்தப் பெரியவரே மதுரைக்கு வந்து, நம் கட்டிலின் அருகில் மூன்று இரவுகள் தங்கினார். அவரை நோக்கி நன்றி சொல்ல அன்று நம்மிடம் குரல் இல்லை. இன்று இச்சபையில் சொல்கிறோம்.

இப்போது சுப்ஹையும் லுஹரையும் நாம் தொழவைக்கிறோம். மஃரிபிலும் இஷாவிலும் நாயிப் இமாம் நிற்கிறார்; நாம் அவர் பின்னே ஸஃப்பில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறோம். தொடக்கத்தில் அது கசந்தது. இறுதி நோயின்போது நபிகளாரே (ஸல்) அபூபக்ர் (ரலி) அவர்களைத் தொழவைக்கப் பணித்தார்கள் அல்லவா? மூஸா (அலை) அவர்கள் தம்மினும் தெளிவாகப் பேசும் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டுப் பெற்றார்கள் அல்லவா? இவற்றை எண்ணினோம், கசப்பு நீங்கியது.

நிறைவாக மூன்று செய்திகளை அமானிதமாக ஒப்படைக்கிறோம்.

முதலாவது, மாலையில் இமை தாழ்ந்தாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, பேசப் பேசக் குரல் மாறினாலோ, மெல்லவும் விழுங்கவும் சிரமம் ஏற்பட்டாலோ, நரம்பியல் மருத்துவரைக் காணுங்கள். எந்நேரத்தில் கூடுகிறது, எந்நேரத்தில் குறைகிறது என்பதைக் குறித்துக் கொண்டு செல்லுங்கள். மாலை நிலையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். இந்நோய் உள்ளவர்கள் எம்மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் கூறிவிட வேண்டும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளே இந்நோயைக் கடுமையாக்கிவிடும். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதித்தல் கூடாது.

இரண்டாவது, நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ரமலானுக்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரையும் ஆலிமையும் கலந்து கொள்ளுங்கள். நலம் பெற்றபின் களாச் செய்ய இயலுமானால் களா. அதற்கு வழியே இல்லாதவர்க்கு ஃபித்யா. நோன்பால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தபின்பும் நோற்பது தக்வா ஆகாது. நாம் ஆறு நோன்புகளில் கற்ற பாடம் இது.

மூன்றாவது, ஸஃப்பில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரை, ரமலான் பகலில் மருந்து விழுங்குபவரை, சிரிக்காத முகத்தை, விரைந்து முடியும் ஓதலைக் கண்டால், உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அருகில் சென்று, “உடம்புக்கு என்ன?” என்று கேளுங்கள். கேட்கப்பட்டவர் நம்மைப் போல் மறைக்காமல் சொல்லட்டும்.

யா அல்லாஹ்! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! நோயைக் கண்டறியும் மருத்துவர்களுக்குக் கூர்மையையும் பொறுமையையும் அருள்வாயாக! பெயர் தெரியாத நோயோடு இன்றிரவு தனித்திருப்போருக்கு, கேட்டறியும் ஒருவரை அனுப்புவாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.