ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளை

(கல்விக் கழக வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

இவ்விழாவில் பேசுவோர் பலரும் தேர்ச்சி விழுக்காட்டையும், பட்டம் பெற்றோர் எண்ணிக்கையையும் எடுத்துரைத்தனர். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயனாகிய அவை நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும், அந்தக் கணக்கில் இடம்பெறாத சில பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கற்றலில் கூடுதல் துணை வேண்டுபவர்கள் அவர்கள். அவர்களுடைய படிப்பைப் பற்றிச் சிலரேனும் கவலைப்படுகின்றனர். அவர்களுடைய ஓட்டத்தையும் ஆட்டத்தையும் பற்றிக் கவலைப்படுவோர் மிகச் சிலரே. அதைக் குறித்தே நான் பேச விரும்புகிறேன்.

இத்தகைய பிள்ளைகளுள் பலருக்கு எழுத்து மட்டுமன்று, உடல் அசைவும் எளிதில் வசப்படுவதில்லை. எறிந்த பந்து மார்பில் பட்டு விழுந்த பிறகே கைகள் குவியும். ஓடும்போது கால் இடறும். சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆகும். காண்போர், 'சோம்பேறி' என்றும் 'மந்தம்' என்றும் பெயர் சூட்டிவிடுகின்றனர். கண்ணும் காதும் தசையும் மூட்டும் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்து, உரிய நேரத்தில் உரிய கட்டளையைப் பிறப்பித்தால்தான் ஒரு பந்தைப் பிடிக்க முடியும். அந்தக் கோவையில் தடை ஏற்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்பது, பார்வை குன்றியவனைக் கவனமற்றவன் என்பதற்கு ஒப்பாகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் நூற்றுவரில் ஏறத்தாழ ஐவருக்கு இவ்வகை அசைவுத் தடுமாற்றம் உண்டென மருத்துவ அறிஞர் கூறுவர்.

அசைவுத் திறன்களை மூவகையாகப் பிரிக்கலாம். ஓடுதல், தாண்டுதல், நொண்டுதல் போன்றவை இடம்பெயரும் திறன்கள். ஒற்றைக் காலில் நிற்றல், திரும்புதல் போன்றவை நிலைகொள்ளும் திறன்கள். எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்றவை பொருளைக் கையாளும் திறன்கள். மற்றப் பிள்ளைகள் இவற்றைத் தெருவில் பார்த்தே பழகிக்கொள்கின்றனர். நாம் கூறும் பிள்ளைகளுக்கோ இவற்றை அகரம் முதல் எழுத்துகளைக் கற்பிப்பது போலப் படிப்படியாகக் கற்பித்தல் வேண்டும்.

நடப்பது என்ன? நம் விளையாட்டுகள் பலவற்றில் தோற்றவன் வெளியேற வேண்டும் என்பது விதி. பள்ளி ஆண்டு விழாவின் நாற்காலிப் போட்டியையே எண்ணிப் பாருங்கள். தடுமாறும் பிள்ளையே முதலில் வெளியேறுகிறது; எஞ்சிய நேரமெல்லாம் ஓரத்தில் அமர்ந்திருக்கிறது. எவனுக்குப் பயிற்சி மிகுதியாகத் தேவையோ, அவனுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. நாளடைவில் அவனே விளையாட்டை வெறுத்து ஒதுங்குகிறான். பின்னர், 'அவனுக்கு விருப்பமில்லை' என்று நாமும் கூறிவிடுகிறோம்.

இதனை மாற்றப் பெரும்பொருள் தேவையில்லை. நம் தெருவிலேயே பாடத்திட்டம் இருக்கிறது. பாண்டி ஆட்டத்தைக் கவனியுங்கள். சில்லைக் குறித்த கட்டத்தில் எறிதல், ஒற்றைக் காலில் நொண்டுதல், கோட்டை மிதியாமல் நிற்றல், குனிந்து எடுத்தல் என மூவகைத் திறனும் அதில் அடங்கியுள்ளன. தடுமாறும் பிள்ளைக்குக் கட்டங்களைப் பெரிதாக வரையுங்கள். முதலில் இரு கால்களாலும் தாண்டட்டும். பின் ஒருவர் கைப்பிடியுடன் நொண்டட்டும். பின் தனியே நொண்டட்டும். பந்து பிடிக்கப் பழக்குவோர், புளியங்கொட்டை நிரப்பிய சிறு துணிப் பையிலிருந்து தொடங்கலாம். அது உருண்டோடாது; பட்டால் நோகாது. முதலில் ஓர் அடித் தொலைவு, பின் இரண்டடி. ஒரு வேளைக்கு ஒரே கட்டளை. சொல்வதற்கு முன் செய்துகாட்டல். நாள்தோறும் சிறிது நேரம். இவையே முறை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பெயர் சூட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் இரத்தச் சோகையையும் சோதித்தறிக. டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பின் இணைப்பு தளர்ந்திருக்கக்கூடும். ஆதலின், மருத்துவரைக் கேளாமல் அவர்களைக் குட்டிக்கரணம் போடச் செய்தல் ஆகாது. வலிப்பு உடையவரைத் துணையின்றி நீரில் இறங்கவோ மரம் ஏறவோ விடலாகாது. வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் நாடுவது நம் கடமை.

பெற்றோருள் சிலர், 'உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்த பரம்பரை நாம். பிள்ளை படித்தால் போதாதா, விளையாட்டு எதற்கு?' என வினவுகின்றனர். அவ்வினாவின் பின்னுள்ள வேதனையை நான் மதிக்கிறேன். பிறர் ஆணைக்கு அசைந்த உடல்கள் நம் முன்னோருடையவை. அதனாலன்றோ, தன் விருப்பப்படி தன் உடலை ஆளும் ஆற்றல் நம் பிள்ளைக்கு வேண்டும் என்கிறேன்! தானே பொத்தான் போடுவதும், பேருந்துப் படியில் அச்சமின்றி ஏறுவதும், எழுதுகோலைத் தளராமல் பிடிப்பதும் அந்த ஆற்றலிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு சான்று கூறுவேன். தெலங்கானா மாநிலம் வாரங்கல் பகுதியைச் சேர்ந்த கல்லெடா என்னும் சிற்றூரில் கூலி உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர் தீப்தி ஜீவாஞ்சி. அறிவுசார் குறைபாடுடைய அவரை ஊரார் ஏளனம் செய்தனர். அவர் 2024ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் தொலைவை 55.07 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறுவர் என நான் கூறவில்லை. ஓட விடாமலே ஒரு பிள்ளையின் எல்லையை நாம் வரைந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்க்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே, கணக்குப் பாடம் முடியவில்லை என்று கூறி இப்பிள்ளைகளின் விளையாட்டு வேளையைப் பறித்துக்கொள்ளும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் கைவிடுவோம். நம் கழகமும் மாலை நேர வகுப்புகளில் அரைமணி நேரத்தை இவர்களுக்கெனவே ஒதுக்க வேண்டுமென வேண்டுகிறேன்.

தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். புனேயில் ஆடியபோது அவருக்குத் தேநீர் தனிக் குவளையில், அரங்கிற்கு வெளியே தரப்பட்டது. களத்தின் ஓரத்தில் நிறுத்தப்படுவதன் வலியை அறிந்த சமூகம் நாம். அந்த வலியை நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே தரலாகாது. அவனையும் கைப்பற்றிக் களத்திற்குள் அழைத்து வருவோம்.