கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்
(ஆண்டுவிழாக் கூடுகையில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, "வளர்ந்து என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்வீர்கள். வைத்தியர், பொறியியலாளர், விமானி. ஆசைப்படுவது நல்லது. ஆனால் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்று இருக்கிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான். பெரிய இலட்சியத்துக்கு என்ன செலவாகும்? ஜேர்மனியில் பிறந்து, நம்முடைய மொழிக்காக உழைத்த ஒருவரின் வாழ்க்கையில் அதைப் பார்ப்போம்.

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682இல் டிரெஸ்டனுக்கு அருகே புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலக் குறைவால் ஹாலேயில் அவருடைய படிப்பும் தடைப்பட்டது. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழரிடம் தமிழிலேயே பேசவேண்டும், வேதத்தைத் தமிழில் தரவேண்டும் என்பது அவருடைய இலட்சியம்.

முதல் செலவு, பெருமையை விடுவது. பல்கலைக்கழகத்தில் படித்தவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார்.

இரண்டாவது, நேரம். காலை 7 மணி முதல் 8 வரை, முன்பு படித்த சொற்களைத் திரும்பப் படிப்பார். 8 முதல் 12 வரை, முதிய புலவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை வாசிப்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடியும் வாசிப்பு. இரவில் கண் களைத்துவிடும் என்பதால், வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

மூன்றாவது, பொறுமை. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். சில வாரங்களில் டேனியத் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்து, 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ குறைவு. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. கரையிறங்கி ஒன்பது ஆண்டுகள்!

நான்காவது, பிறருடைய உதவியை ஏற்பது. 1714இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடவே வந்தார். அந்த இளைஞரின் துணையோடு எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சானது. நமக்கு முன்னே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த நாட்டில் ஒரு தமிழர் உழைத்திருக்கிறார்.

சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் முடிந்திருந்தது. மீதியை பெஞ்சமின் சூல்ட்சே மொழிபெயர்த்து முடித்தார்.

பெற்றோரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூல்ட்சே தாமே விரும்பிவந்து அந்த வேலையை எடுத்தார். நம்மில் பலருக்கு யுத்தத்தால் படிப்பு நின்றுபோனது. அந்தக் குறை நியாயமானது. ஆனாலும், நாம் கட்டாமல் விட்ட கோபுரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. அவனுடைய விருப்பம் என்னவென்று கேளுங்கள். அவள் தொழிற்பயிற்சிக்குப் போக விரும்பினால் அதையும் மகிழ்ச்சியோடு ஆசீர்வதியுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்பாவும் வளர்ந்த பிறகு வகுப்பறையில் உட்கார்ந்து, 'டெர், டீ, டாஸ்' என்று ஜேர்மன் மொழியைத் தொடக்கத்திலிருந்து படித்தவர்கள்தாம். வேலை முடிந்து களைத்து வந்தும் படித்தார்கள். அந்தக் கதையை அவர்களிடம் கேளுங்கள். பிறகு உங்கள் இலட்சியத்தை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே, அதற்காக நாளை எந்த மணி நேரத்தைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கர்த்தர் உங்கள் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.